தேர்தல் பேட்ஜ்: வேட்பாளரின் அலுவலகம் கொடுத்தால்தான் அசலா?

நிலவன்:

அமெரிக்க அதிபர் தேர்தல் பேட்ஜுகளைச் சேகரிப்போரிடையே அடிக்கடி எழுந்து, முடிவு காணாமலே அடங்கிப்போகும் ஒரு கேள்வியை இந்த இழையில் நிதானமாகப் பேச விரும்புகிறேன். வேட்பாளரின் பிரசார அலுவலகம் தன் பணத்தில் செய்வித்துத் தொண்டர்களுக்குக் கொடுத்த பேட்ஜ்தான் அசல் என்றும், கூட்டம் நடக்கும் திடலுக்கு வெளியே வியாபாரிகள் தாங்களாகவே செய்து விற்றவை இரண்டாந்தரம் என்றும் ஒரு சாரார் உறுதியாகச் சொல்லி வருகிறார்கள். சில விற்பனையாளர்கள் இதை விலையிலும் காட்டுகிறார்கள். ஒரே தேர்தல், ஒரே வேட்பாளர், ஒரே அளவு என்றிருந்தும், அலுவலகத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் விலை ஏறிவிடுகிறது.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு பேட்ஜைக் கையில் எடுத்தால் நான் கேட்பவை இரண்டே கேள்விகள். அந்தத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோதே அது செய்யப்பட்டதா? யாரோ ஒருவர் சட்டையில் குத்திக்கொண்டு நாலு பேர் பார்க்க நடப்பதற்காகச் செய்யப்பட்டதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது அசல். பணம் கொடுத்தது யார் என்பது தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். ஆனால் அசலையும் போலியையும் பிரிக்கும் அளவுகோல் அது அன்று. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு எழுதினால், இத்துறைக்குப் புதிதாக வருபவர்களுக்கும் பயன்படும்.

பழஞ்சுவடி:

நிலவன் சொல்வதற்கு வரலாறும் துணை நிற்கிறது. 1789 ஏப்ரல் 30 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க் நகரில் பதவியேற்ற காலத்தில், 'லாங் லிவ் த பிரசிடென்ட்' என்ற வாழ்த்தும் நடுவே ஜி, டபிள்யூ என்ற இரு எழுத்துகளும் பொறித்த உலோகப் பொத்தான்களை மக்கள் தங்கள் மேலங்கிகளில் தைத்துக்கொண்டார்கள். அப்போது வாஷிங்டனுக்குக் கட்சியும் இல்லை, பிரசார அலுவலகமும் இல்லை. பொத்தான் செய்து பிழைப்பவர்கள் செய்தார்கள், விரும்பியவர்கள் வாங்கினார்கள். அமெரிக்க அரசியல் நினைவுப் பொருள்களின் வரிசையையே அந்தப் பொத்தான்களிலிருந்துதான் நாம் தொடங்குகிறோம். அலுவலக முத்திரையைக் கேட்டால் வரிசையின் தலையே போய்விடும்.

1840 தேர்தல் இன்னும் தெளிவான சான்று. வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஒரு பீப்பாய் சைடர் மதுவும் ஒரு மரக்குடிலும் கொடுத்துவிட்டால் பேசாமல் இருந்துவிடுவார் என்று எதிர்த்தரப்புப் பத்திரிகை ஒன்று ஏளனமாக எழுதியது. அவருடைய விக் கட்சியினர் அந்த ஏளனத்தையே தங்கள் சின்னமாக்கிக்கொண்டார்கள். பட்டு நாடா, பித்தளைப் பதக்கம், கைக்குட்டை, உடை ஊசி, சாப்பாட்டுத் தட்டு என்று கண்ட பொருளிலெல்லாம் மரக்குடிலும் பீப்பாயும் ஏறின. கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்த பீங்கான் பட்டறைகள்கூட அமெரிக்கச் சந்தைக்கென்றே மரக்குடில் படம் போட்ட தட்டுகளைச் செய்து அனுப்பின. அவர்கள் ஹாரிசனுக்கு வாக்களிக்கப் போகிறவர்கள் அல்லர். ஆனாலும் அந்தத் தட்டு 1840 தேர்தலின் பொருள் அல்ல என்று சொல்லத் துணிபவர் யாரும் இல்லை.

1860-இல் ஆபிரகாம் லிங்கனின் ஃபெரோடைப் பதக்கங்கள் வந்தன. மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த சிறு புகைப்படத்தைப் பித்தளை வளையத்துக்குள் பொருத்தி, ஒரு பக்கம் லிங்கனும் மறு பக்கம் துணை அதிபர் வேட்பாளர் ஹன்னிபல் ஹாம்லினும் தெரியும்படி செய்து, மேலே நாடா கோக்க ஒரு துளையும் விட்டிருப்பார்கள். அவ்வாண்டு பிப்ரவரி 27 அன்று மேத்யூ பிரேடி நியூயார்க்கில் எடுத்த புகைப்படம் இவற்றில் பரவலாகப் பயன்பட்டது. அந்தப் படத்தில் லிங்கனுக்குத் தாடி இல்லை. தேர்தல் முடிந்த பிறகுதான் அவர் தாடி வளர்த்தார். ஆகவே தாடி வைத்த லிங்கனின் படத்தை 1860 தேர்தல் பதக்கம் என்று யாராவது விற்க வந்தால், வேறு எதையும் பார்க்காமலே விலகிவிடலாம். 1864-இல் அவர் மறுபடியும் போட்டியிட்டபோது செய்தவற்றில் தாடி இருக்கும்.

மேகலை:

ஐயா, நான் இத்துறைக்குப் புதியவள். பழைய பொருள்களோடு கலந்து கிடைத்த ஒரு பெட்டியில் மெக்கின்லி, பிரையன், டாஃப்ட், வில்சன், ஹார்டிங் என்று வரிசையாகப் பேட்ஜுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவில், ஒரே பளபளப்போடு, தகரத்தின் மேல் நேரடியாக அச்சிட்டவை போலத் தெரிகின்றன. இவற்றை நிலவன் அவர்களின் இரண்டு கேள்விகளுக்கு எப்படி உட்படுத்துவது? செய்யப்பட்ட காலத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

தகடு:

மேகலை அவர்களுக்கு, உங்கள் வர்ணனையிலேயே பாதி விடை இருக்கிறது. ஐந்து வேட்பாளர்களின் பேட்ஜும் ஒரே அளவில் ஒரே பளபளப்போடு இருந்தால், அவை ஒரே இடத்தில் ஒரே நாளில் அடித்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்று நாம் பேட்ஜ் என்று சொல்லும் ஊக்கு வைத்த வட்டத் தகடு 1896 தேர்தலில்தான் பெருவாரியாக வந்தது. நியூ ஜெர்சியின் நூவர்க் நகரில் இருந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் அதற்கான காப்புரிமைகளைக் கையில் வைத்திருந்தது. அச்சிட்ட தாளை உலோகத் தகட்டின் மேல் வைத்து, அதற்கு மேல் மெல்லிய செல்லுலாய்டு ஏட்டைப் போர்த்தி, விளிம்பைப் பின்பக்கம் மடித்து, ஒரு வளையத்தை அழுத்தி இறுக்கிவிடுவார்கள். வளையத்துக்குள் கம்பி ஊக்கு உட்காரும். பேட்ஜைத் திருப்பிப் பிடித்து உருப்பெருக்கி வழியாக விளிம்பைப் பாருங்கள். செல்லுலாய்டும் தாளும் வளையத்துக்கு அடியில் மடங்கிப் போவது தெரிந்தால் அது செல்லுலாய்டு வகை. வயதானதில் முன்பக்கத்து ஏடு சற்றே பழுப்பேறி, சாய்த்துப் பிடித்தால் மெல்லிய கீறல்கள் தெரியும்.

தகரத்தின் மேல் நேரடியாக மை ஏற்றி, பிறகு வட்டமாக வெட்டி விளிம்பைச் சுருட்டியவை லித்தோ வகை. தாளும் இருக்காது, தனி வளையமும் இருக்காது. அச்சு விளிம்பு வரை ஓடி, சுருட்டிய இடத்தில் வெறும் தகரம் தெரியும். இந்த முறை பரவலானது ஏறத்தாழ 1920 தேர்தலை ஒட்டித்தான். எனவே 1896-இல் போட்டியிட்ட மெக்கின்லியும் பிரையனும் லித்தோவில் இருந்தால் அவை பிற்காலத்து மறுபதிப்புகள். 1968-இல் ஒரு காகிதக் கைக்குட்டை நிறுவனமும் 1972-இல் ஓர் எண்ணெய் நிறுவனமும் தங்கள் வாடிக்கையாளர்களுக்காக இப்படிப்பட்ட மறுபதிப்புத் தொகுப்புகளை வெளியிட்டன. அவற்றின் விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் அடையாளம் இருக்கும். யாரையும் ஏமாற்றும் எண்ணத்தில் அந்த நிறுவனங்கள் அவற்றைச் செய்யவில்லை. அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்பவர்கள்தான் ஏமாற்றுகிறார்கள். விளிம்பில் ஓரிடத்தில் மட்டும் மை உரிந்து தகரம் பளிச்சென்று தெரிந்தால், அது தேய்ந்ததா சுரண்டியதா என்று பார்த்துவிடுங்கள். தேய்மானம் விளிம்பு முழுவதும் பரவியிருக்கும். சுரண்டல் ஓர் அங்குலத்துக்குள் நேர்கோடாக நிற்கும்.

இந்தக் குழப்பம் பெருகியதால்தான் 1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி அரசியல் பொருள்களின் நகல்களைச் செய்பவரும் இறக்குமதி செய்பவரும், செய்த ஆண்டை அழியாதபடி அதில் பொறிக்க வேண்டும். 2014-இல் வந்த திருத்தம் நாணய நகல்களின் விற்பனையையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் 1968, 1972 தொகுப்புகள் சட்டத்துக்கு முந்தியவை என்பதால், அவற்றுக்கு நம் கண்தான் காவல்.

மேகலை:

மிக்க நன்றி ஐயா. விளிம்பைப் பார்த்தேன், சொன்னது போலவே பொடி எழுத்துகள் இருக்கின்றன. அதே பெட்டியில் தனியாக ஒரு பிரையன் பேட்ஜ் இருக்கிறது. அதில் வளையமும் தாளும் உண்டு. உள்ளே ஒட்டிய பின்தாளில் 1896 ஜூலை 21 என்று ஒரு தேதி இருக்கிறது. அப்படியானால் அது 1896 பேட்ஜ் என்று உறுதியாகச் சொல்லலாமா?

தகடு:

அது காப்புரிமை வழங்கப்பட்ட தேதி, பேட்ஜ் செய்த தேதி அன்று. அதற்குப் பின் பல ஆண்டுகள் செய்த பேட்ஜுகளிலும் அதே தேதியைத் தாங்கிய பின்தாள் இருக்கும். பிரையன் 1896, 1900, 1908 என மூன்று முறை போட்டியிட்டவர் என்பதால் முகத்தை வைத்தும் ஆண்டைச் சொல்ல முடியாது. வாசகத்தைப் பாருங்கள். வெள்ளி நாணயம் பற்றியோ, 16 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் என்று பொருள்படும் '16க்கு 1' என்ற விகிதமோ இருந்தால் 1896 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். அவ்வாண்டு ஜூலை 9 அன்று சிகாகோ மாநாட்டில் அவர் ஆற்றிய தங்கச் சிலுவை உரைக்குப் பின் தேர்தல் முழுவதும் நாட்டின் பணத்துக்கு அடிப்படை தங்கமா வெள்ளியா என்பதைச் சுற்றியே நடந்தது. மெக்கின்லி பக்கத்தார் தங்க நிற வண்டு உருவத்தையும் பிரையன் பக்கத்தார் வெள்ளி வண்டையும் சட்டையில் குத்திக்கொண்டார்கள். துணை அதிபர் வேட்பாளரின் படமும் இருந்தால் கேள்வியே இல்லை: ஆர்தர் சூவல் என்றால் 1896, அட்லாய் ஸ்டீவன்சன் என்றால் 1900, ஜான் கெர்ன் என்றால் 1908.

இரட்டைமுகம்:

நிலவனின் இரண்டு கேள்விகளை நான் மதிக்கிறேன். ஆனால் அவை போதா. நான் ஜூகேட் வகையை, அதாவது அதிபர் வேட்பாளரும் துணை அதிபர் வேட்பாளரும் சேர்ந்திருக்கும் பேட்ஜுகளை மட்டும் சேர்ப்பவன். ஒரு பிரசாரம் தன்னைப் பற்றி எப்படி நினைத்தது, எவ்வளவு பணம் வைத்திருந்தது, யாரை முன்னிறுத்தியது என்பதெல்லாம் அந்தப் பிரசாரமே செய்வித்த பொருளில்தான் தெரியும். வெளியே விற்ற வியாபாரிக்கு எது விலை போகும் என்பது மட்டுமே கணக்கு.

1920-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் காக்ஸும் அவருடன் நின்ற இளம் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்திருக்கும் பேட்ஜ் இத்துறையிலேயே மிகவும் விரும்பப்படுவது. பிரசாரத்தில் பணம் இல்லை, வெல்வோம் என்ற நம்பிக்கையும் கட்சிக்குள் இல்லை. அதனால் இருவர் படத்தையும் சேர்த்து மிகக் குறைவாகவே செய்தார்கள். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்குகளில் எதிர்த்து நின்ற ஹார்டிங் 404 பெற்றார், காக்ஸ் 127. தோற்ற பிறகு அந்தப் பேட்ஜை வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் துணை அதிபராக நின்று தோற்றவர் 12 ஆண்டுகளுக்குப் பின் அதிபராகி நான்கு தேர்தல்களில் வென்றார். 2022-இல் அந்த வகையில் ஒன்று ஏலத்தில் 1,80,000 டாலரைத் தாண்டியது. ஒன்றேகால் அங்குலத் தகடு அது. அந்த விலையை உண்டாக்கியது அழகு அன்று. பணமில்லாத ஒரு பிரசாரத்தின் நிலைமை அப்படியே அதில் பதிந்திருக்கிறது.

பழஞ்சுவடி:

இரட்டைமுகம் அவர்களே, காக்ஸ் பேட்ஜின் அருமையைப் பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு சரியன்று. அது குறைவாக இருப்பதற்குக் காரணம், அலுவலகத்தைப் போலவே வியாபாரிகளும் காக்ஸ் தோற்பார் என்று நினைத்து முதலீடு செய்யாமல் விட்டதுதான். ஒரு வேட்பாளர்மேல் மக்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதை அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தைவிட வியாபாரியின் கணக்கு நேராகச் சொல்லும். விற்காது என்று தெரிந்தால் அவர் செய்ய மாட்டார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் 1940 இருக்கிறது. ரூஸ்வெல்ட் மூன்றாம் முறை நின்றபோது, எதிர்த்து நின்ற வெண்டல் வில்கியின் ஆதரவாளர்கள் வாசகப் பேட்ஜுகளை மழையாகப் பொழிந்தார்கள். மூன்றாம் முறை வேண்டாம் என்று ஒன்று, எலினாரும் எங்களுக்கு வேண்டாம் என்று ரூஸ்வெல்ட்டின் மனைவியைக் குறித்து ஒன்று, எந்த மனிதனும் மூன்று முறை நல்லவனாக இருக்க முடியாது என்று இன்னொன்று. இவற்றில் பெரும்பாலானவற்றில் வில்கியின் பெயர்கூட இருக்காது. வில்கி 82 தேர்வாளர் வாக்குகளோடு தோற்றார். அந்தப் பேட்ஜுகள் இன்றும் எளிதாக, மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் இருமுறைக்கு மேல் ஒருவர் ஆளலாமா என்ற அன்றைய கவலை எவ்வளவு கூர்மையாக இருந்தது என்று அறிய, அந்த மலிவான தகரங்களைவிட நல்ல சாட்சி இல்லை. 1951-இல் அரசியலமைப்பின் 22-ஆம் திருத்தம் நிறைவேறி அந்தக் கேள்வி முடிவுக்கு வந்தது என்பதை நினைத்துக்கொண்டு அவற்றைப் பாருங்கள்.

அரிதாக இருக்கும் என்று எல்லோரும் எண்ணும் பொருள் அரிதாக இல்லாமல் போவதும் உண்டு. 1972 ஜூலையில் ஜார்ஜ் மெக்கவர்னுடன் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட தாமஸ் ஈகிள்டன், மன அழுத்தத்துக்காக மின்னதிர்வுச் சிகிச்சை பெற்றிருந்த செய்தி வெளியானதால் 18 நாள்களில் விலகினார். இருவர் பெயரும் சேர்ந்த பேட்ஜுகள் இனிமேல் கிடைக்கா என்று எல்லோரும் அள்ளிச் சேர்த்து வைத்ததால், இன்று அவை தாராளமாகக் கிடைக்கின்றன. புதிதாக வருபவரிடம் அவற்றை அரிய பொருள் என்று சொல்லி விற்பதைப் பார்த்திருக்கிறேன், வாங்கிவிடாதீர்கள்.

ஊர்வலம்:

அதிபர் வேட்பாளர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பேட்ஜ் என்ற பொருளின் முழு ஆற்றலும் வெளிப்பட்டது, வேட்பாளரே இல்லாத இயக்கங்களில்தான் என்பது என் கருத்து. அங்கே அலுவலகம் கொடுத்தது, வெளியே விற்றது என்ற பிரிவினையே பொருந்தாது.

பெண்கள் வாக்குரிமை இயக்கத்தின் சின்னஞ்சிறு பேட்ஜ் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு வாக்கு என்ற வாசகத்தைச் சுற்றி நட்சத்திரங்கள் இருக்கும். அவற்றை எண்ணினால் பேட்ஜின் வயது தெரிந்துவிடும். வயோமிங், கொலராடோ, யூட்டா, ஐடஹோ என்று நான்கு மாநிலங்கள் மட்டும் உரிமை கொடுத்திருந்த காலத்தில் நான்கு நட்சத்திரம். 1910-இல் வாஷிங்டன் மாநிலம் சேர்ந்ததும் ஐந்து. 1911-இல் கலிஃபோர்னியா சேர்ந்ததும் ஆறு. ஒவ்வொரு வெற்றிக்கும் புதிய பேட்ஜ் செய்திருக்கிறார்கள். 1920-இல் 19-ஆம் திருத்தம் வந்து நாடு முழுவதும் உரிமை கிடைக்கும் வரை அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நகத்தளவு தகட்டில் ஒரு போராட்டத்தின் நிலவரம் பதிவாகியிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

அதே 1920-இல் சோஷலிசக் கட்சியின் யூஜின் டெப்ஸ் அட்லாண்டா சிறையிலிருந்து அதிபர் தேர்தலில் நின்றார். 1918-இல் ஒஹையோவின் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசியதற்காக அவரைச் சிறையில் அடைத்திருந்தார்கள். அவருடைய பேட்ஜில் அதிபர் பதவிக்கு, கைதி எண் 9653 என்று இருக்கும். ஏளனத்துக்கு இடமான எண்ணைப் பெருமையோடு மார்பில் குத்திக்கொண்டவர்கள் இருந்தார்கள்; ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பினத்தாரின் சம உரிமை கோரித் தலைநகர் வாஷிங்டனுக்குப் பேரணியாகச் சென்றவர்கள் அணிந்த பேட்ஜில் ஒரு கறுப்புக் கையும் ஒரு வெள்ளைக் கையும் பற்றிக்கொண்டிருக்கும். அதை விற்ற காசு பேரணியின் செலவுக்குப் போனது. அணிந்தவரே பிரசாரத்துக்குப் பணமும் கொடுத்த பொருள் அது. இரட்டைமுகம் அவர்கள் இதை எந்தப் பெட்டியில் வைப்பார்?

மேகலை:

ஒரு சந்தேகம். இயக்கங்களின் பேட்ஜுகளைச் சேர்க்கும்போது வெறுப்பைப் பரப்பியவையும் கைக்கு வரும் அல்லவா? அவற்றை வைத்திருப்பது சரியா?

ஊர்வலம்:

நேர்மையான கேள்வி. நான் வைத்திருக்கிறேன், ஆனால் சுவரில் மாட்டுவதில்லை, என்ன ஏது என்ற குறிப்பு இல்லாமல் யாருக்கும் காட்டுவதுமில்லை. 1901 அக்டோபர் 16 அன்று அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும் படத்தின் கீழே சமத்துவம் என்று எழுதிய பேட்ஜுகள் 1903-இல் வந்தன. அந்தக் காட்சியைப் பெருமையாக நினைத்தவருக்கு அது பாராட்டு. அதே காட்சியைக் கண்டு கொதித்த தெற்கத்தி வெள்ளையருக்கு, ரூஸ்வெல்ட் எப்படிப்பட்டவர் பாருங்கள் என்று பிறரைத் தூண்டிவிட உதவும் கருவி. வாங்கியவர் எதற்காக அணிந்தார் என்பது தெரியாமல் அந்தப் பேட்ஜை ஒரு பக்கமாக விளக்கவே முடியாது. இப்படிப்பட்டவற்றை அழித்துவிட்டால் அந்த விருந்து எத்தனை பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது என்பதும் மறந்துபோகும். ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் ரால்ஃப் பெக்கர் தொகுப்பிலும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் சூசன் டக்ளஸ் தொகுப்பிலும் வென்றவர் தோற்றவர், நல்லது கெட்டது என்று பாராமல் சேர்த்திருக்கிறார்கள். அதுவே முறை.

நாணல்:

நடுவில் வேறொன்று கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுக்கேறிய செல்லுலாய்டு பேட்ஜை ஈரத் துணியால் துடைக்கலாமா?

தகடு:

கூடவே கூடாது. விளிம்பின் மடிப்பு வழியாக ஒரு துளி நீர் உள்ளே போனால், அடியில் இருக்கும் தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும். சில மாதங்களில் தகட்டின் துரு தாளில் ஏறி, முகத்தின்மேல் பழுப்புப் புள்ளிகளாக வெளிப்படும். அதற்கு மருந்து கிடையாது. ஏலத்தில் விலையைப் பாதியாக்குவது பெரும்பாலும் அந்தப் புள்ளிகள்தான். உலர்ந்த மென்துணியால் மேலாக ஒற்றி எடுத்தால் போதும்.

பழைய செல்லுலாய்டு என்பது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸ். அது தானாகவே மெல்லச் சிதைந்து அமில ஆவியை விடும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் ஊக்கையும் அரிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் அடைத்து வைத்தால் சிதைவு விரைவாகும். கண்ணாடி மூடியும் பஞ்சு மெத்தையும் உள்ள காட்சிப் பெட்டிகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும், ஈரமான பருவத்தில் பஞ்சு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலிவான பி.வி.சி. உறைகளையும் தவிர்த்துவிடுங்கள். வெயில் படாத, குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் ஒன்றை ஒன்று தொடாமல் வையுங்கள். லித்தோவுக்கு இவ்வளவு கவலை இல்லை. அதற்குக் கீறலும் துருவும்தான் எதிரி.

நிலவன்:

இன்றைய நிலைமைக்கு வருவோம். இப்போது பிரசார அலுவலகங்கள் பேட்ஜுகளை அள்ளிக் கொடுப்பதில்லை; பணம் தொலைக்காட்சிக்கும் இணைய விளம்பரத்துக்கும் போய்விட்டது. பேட்ஜ் வேண்டுமென்றால் அவர்களுடைய இணையக் கடையில் விலை கொடுத்து வாங்க வேண்டும். இரட்டைமுகம் அவர்களின் அளவுகோல்படி அதுதான் அசல். ஆனால் அப்படி வாங்கியதில் எத்தனை பேட்ஜ் யாருடைய சட்டையையாவது தொட்டிருக்கும்? கூட்டத்துக்கு வெளியே மேசை போட்டு விற்பவரிடம் வாங்கியவர் அங்கேயே குத்திக்கொண்டு உள்ளே போகிறார்.

'இதற்குப் பணம் கொடுத்தவர் இன்னார்' என்ற வரி பேட்ஜில் இல்லையென்றால் அது அலுவலகத்தினுடையது அன்று என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். அதுவும் பொருந்தாது. கூட்டாட்சித் தேர்தல் விதிகளில் பேட்ஜ், பேனா, ஒட்டுவில்லை போன்ற சிறு பொருள்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு. விளிம்பில் பொடியாக இருக்கும் அச்சுத் தொழிற்சங்க முத்திரையும் இதற்கு முடிவான சான்று ஆகாது. வியாபாரியும் சங்கம் உள்ள பட்டறையில் செய்விக்கலாம், அலுவலகம் சங்கம் இல்லாத இடத்தில் செய்வித்ததும் உண்டு.

பழஞ்சுவடி:

இணையக் கடை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்கு இது நேரடியாகப் பொருந்தும். வேட்பாளரின் அதிகாரபூர்வக் கடையில் பேட்ஜ் வாங்கினால், கொடுத்த விலை முழுவதும் தேர்தல் நன்கொடையாகவே கணக்கிடப்படும். அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர் அமெரிக்கத் தேர்தலுக்கு நன்கொடை கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே வேலை விசாவில் இருப்பவரும் மாணவரும், வெளிநாட்டிலிருந்து சேர்ப்பவரும் அந்தக் கடைப் பக்கம் போகவே கூடாது. பிரசாரத்தோடு தொடர்பில்லாத வியாபாரியிடமும் பிற சேகரிப்பாளர்களிடமும் ஏலத்திலும் வாங்குவதற்கு இந்தத் தடை இல்லை. இரட்டைமுகம் அவர்களின் அளவுகோலை ஏற்றால், குடியுரிமை இல்லாத ஒருவர் நடப்புத் தேர்தலின் அசல் பேட்ஜை நேரடியாக வாங்கவே வழியில்லை என்றாகிவிடும்.

இரட்டைமுகம்:

சட்டத்தைப் பற்றிய எச்சரிக்கைக்கு நன்றி. அதை எல்லோரும் கவனிக்க வேண்டும். 1963 பேரணிப் பேட்ஜ் அமைப்பாளர்களே வெளியிட்டது, ஆகவே அது என் பெட்டியில்தான் இருக்கும். அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம் என்றால், தேர்தல் வாரத்தில் இணையத்தில் ஆர்டர் கொடுத்துச் சேகரிப்பாளருக்காகவே செய்யும் 'குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு'களும் அசலாகிவிடும். அவற்றை எப்படி விலக்குவீர்கள்?

நிலவன்:

என் இரண்டாவது கேள்வியே அவற்றை விலக்கிவிடும். எண் போட்டு உறையில் இட்டுச் சேகரிப்பாளருக்கு விற்பது, சட்டையில் குத்துவதற்காகச் செய்தது அன்று. எங்கள் சங்கமான அமெரிக்க அரசியல் பொருள் சேகரிப்போர் அமைப்பில், 1945 முதல் இயங்கும் அந்த அமைப்பில், இவ்வகையைப் பற்றிய முணுமுணுப்பு இல்லாத கூட்டமே இல்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் பொருள்கள் இருக்கத்தான் செய்யும். 1896-இல் சிகரெட், சூயிங்கம் நிறுவனங்கள் தங்கள் விளம்பரத்துக்காக மெக்கின்லி, பிரையன் இருவர் படத்தையும் பேட்ஜாக்கி வாடிக்கையாளருக்குக் கொடுத்தன. செய்தவருக்கு எந்தப் பக்கமும் இல்லை, குத்திக்கொண்டவருக்கு இருந்தது. நான் அவற்றை அசல் என்றே கொள்கிறேன்.

அரசியல் பேட்ஜ் எது என்று வரையறுக்க முனைந்து சட்டமே தடுமாறியிருக்கிறது. வாக்குச்சாவடிக்குள் அரசியல் பேட்ஜ் அணிந்து வரக் கூடாது என்று மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சட்டம் இருந்தது. 'என் அடையாள அட்டையைக் கேளுங்கள்' என்ற பொருள்படும் வாசகத்தோடு பேட்ஜ் அணிந்து வந்தவரைத் தடுத்ததில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பேட்ஜில் வேட்பாளர் பெயரும் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை. அரசியல் என்ற சொல்லுக்குத் தெளிவான எல்லை இல்லாததால் அந்தத் தடை செல்லாது என்று 2018 ஜூன் 14 அன்று 7-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தகடு அவர்கள் குறிப்பிட்ட 1973 சட்டமோ, ஏதேனும் ஓர் அரசியல் நோக்கத்துக்காகப் பயன்படுத்தச் செய்த பேட்ஜ், சுவரொட்டி, ஒட்டுவில்லை, விளம்பரம் என்று அகலமாகவே வரையறுக்கிறது. பணம் கொடுத்தது யார் என்று அது கேட்கவில்லை. நானும் அந்த அகலத்தில்தான் நிற்கிறேன்.

மேகலை:

என் பிரையன் பேட்ஜின் பின்தாளை உருப்பெருக்கியில் மறுபடியும் பார்த்தேன். காப்புரிமைத் தேதிக்கு மேலே ஒரு சூயிங்கம் நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. முன்பக்கத்தில் பிரையனின் முகம் மட்டும்தான்; வெள்ளி பற்றிய வாசகம் எதுவும் இல்லை. இதற்கு என்னவென்று குறிப்பு எழுதி வைப்பது?

தகடு:

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். 'வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், செல்லுலாய்டு, சூயிங்கம் நிறுவன விளம்பரப் பின்தாள், 1896 காப்புரிமைத் தேதி, தேர்தல் 1896 ஆக இருக்கலாம்' என்று எழுதி, குறுக்களவையும் வாங்கிய விதத்தையும் சேர்த்துவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஊக்கைக் கழற்ற முயல வேண்டாம், பின்தாள் கிழிந்துவிடும். லித்தோ தொகுப்பைத் தனிப் பெட்டியில், மறுபதிப்பு என்ற சீட்டோடு வையுங்கள். நாளை அது உங்கள் கையை விட்டுப் போனாலும் அந்தச் சீட்டு அதோடு போக வேண்டும்.

இரட்டைமுகம்:

குறிப்பில் 'பிரசார அலுவலகம் வழங்கியது அன்று' என்பதையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்கள் வந்ததும் நானும் பார்க்கிறேன்; 1900, 1908 தேர்தல்களின் பிரையன் படங்கள் என்னிடம் வரிசையாக இருப்பதால், எந்தப் புகைப்படத்திலிருந்து எடுத்தது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.